இயற்கைக் குடும்பத் திட்டம்: முதல் குறிப்பிலிருந்து பிரசவத்துக்குப் பின் வரை, கிறிஸ்தவத் தம்பதியருக்கு ஒரு முழு வழிகாட்டி

இயற்கைக் குடும்பத் திட்டம் என்பது, உடல் காட்டும் அடையாளங்களை நோட்டில் குறித்துவைத்துக் கருத்தரிக்கும் நாட்களை அறியும் முறை. எங்கள் பங்கில் நடக்கும் திருமண முன்தயாரிப்பு வகுப்பில் இந்தப் பாடத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் மணப்பெண் தலை நிமிர மாட்டாள், மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பார். கல்யாணம் முடிந்து நாலைந்து மாதம் கழித்து, இருவரும் நோட்டோடு வீட்டுக்கு வரும்போதுதான் நான் உண்மையில் கற்றுக்கொடுக்கவே தொடங்குகிறேன்.

அப்படி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இன்றைக்கு உடம்பு என்ன அடையாளம் காட்டுகிறது என்று பார்க்காமல், போன மாதத் தேதியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காக அமைந்தது. வரிசையைக் கலைக்காமல் செய்யுங்கள்.

1. நோட்டைத் திறக்கும் முன் இருவரும் பேசி முடிக்க வேண்டியவை

எதற்காக எழுதப்போகிறோம் என்பதை முதலில் இருவரும் பேச வேண்டும். குழந்தை இப்போதே வேண்டுமா, சிறிது தள்ளிப்போடவா, இனி வேண்டாமா? மூன்றுக்கும் குறிப்பேடு ஒன்றுதான். ஆனால் நடக்க வேண்டிய விதம் வேறு. மனைவி ஒன்றும் கணவர் ஒன்றும் மனதில் வைத்திருந்தால், பத்தாம் நாள் இரவு நோட்டை யாரும் திறக்க மாட்டார்கள்.

கத்தோலிக்கர்களுக்குத் திருச்சபை சொல்வது இது. 1968 ஜூலை 25 தேதியிட்டுத் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல், செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. அதே மடலின் 16-ஆம் எண், உடல்நலம், மனநிலை, குடும்பச் சூழல் போன்ற தக்க காரணம் இருந்தால், இயற்கையாகவே கருவுறாத நாட்களைப் பயன்படுத்திப் பிள்ளைகளுக்கு இடைவெளி விடலாம் என்கிறது. "ஆண்டவர் கொடுப்பதை எண்ணிப் பார்ப்பது பாவம்" என்று மாமியார் சொன்னதாகக் கலங்கி வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இடைவெளி விடுவது பாவமல்ல.

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளைச் சேர்ந்தவர்களும் என்னிடம் வருவதுண்டு. சி.எஸ்.ஐ. உருவாக இணைந்த சபைகளில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் ஆயர்கள் 1930-ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டிலேயே கருத்தடையைச் சில வரம்புகளோடு ஏற்றுக்கொண்டார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் தம்பதியர் தங்கள் மனசாட்சிப்படியும் போதகரின் ஆலோசனைப்படியும் முடிவெடுக்கிறார்கள். குறிப்பெடுக்கும் முறையில் மட்டும் யாருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பெரிய தவறைச் சொல்லியாக வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினைக்கோ அதிக உதிரப்போக்குக்கோ மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். "இது கருத்தடை மாத்திரையாச்சே" என்று குற்ற உணர்வில் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதே சுற்றுமடலின் 15-ஆம் எண், நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும், தடுப்பது நோக்கமாக இல்லாதவரை அந்தச் சிகிச்சை முறையானதே என்கிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரையும் பங்குத்தந்தையையும் கேளுங்கள்.

2. மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கோளாறு இருந்தால் மாதவிலக்குச் சுழற்சியே தடுமாறும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை நோட்டு எழுதினாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

சுழற்சி அடிக்கடி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ வந்தால் முதலிலேயே சொல்லுங்கள். வலிப்பு நோய்க்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, காசநோய்க்கோ மாத்திரை எடுப்பவர்கள் கருத்தரிக்க நினைக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். கரு தங்கியது தெரிவதற்குள் முக்கியமான நாட்கள் கடந்துவிடும்.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. திருமணத்துக்குத் திருச்சபையின் விதிவிலக்கு வாங்க அலைகிறீர்கள் அல்லவா? அதே அலைச்சலில் மரபணு ஆலோசனைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். குடும்பத்தில் பிறவிக் குறைபாடோ காரணம் தெரியாத குழந்தை இறப்போ இருந்திருந்தால் இது கட்டாயம்.

கருத்தரித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மருத்துவரின் கண்காணிப்பும் அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவரின் துணையும் இல்லாமல் அது சரிவராது.

3. தேவையான பொருட்கள்

ஒரு நோட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். இவ்வளவுதான்.

பேனாவை நோட்டோடு கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு தம்பதியர் மூன்று மாதக் குறிப்பைக் கொண்டுவந்தார்கள். ஒரு அடித்தல் கிடையாது. ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். முதல் நாளிலிருந்து தொண்ணூறாம் நாள் வரை ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தது. கேட்டபோது அந்தப் பெண் கணவரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். வகுப்புக்கு முந்தைய நாள் இரவு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். அன்றன்று எழுதிய நோட்டு அப்படி இருக்காது. பேனா மாறியிருக்கும், ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், ஒரு நாள் விட்டுப்போய் 'ஊருக்குப் போனோம்' என்றிருக்கும். அந்த நோட்டைத்தான் நம்பலாம்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் கவனம் தேவை. நம் மருந்துக்கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில், புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம் காட்டுபவை. இரண்டு இலக்கம் காட்டுவது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு இலக்கம் போதும். ஆனால் நடுவில் தெர்மாமீட்டரை மாற்றக் கூடாது. ஒன்றுக்கொன்று சிறிய வித்தியாசம் இருக்கும், நாம் தேடுவதும் அப்படிச் சிறிய ஒரு வித்தியாசத்தைத்தான்.

கைபேசிச் செயலி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குறிப்பெழுத அதைப் பயன்படுத்தலாம். அது 'இன்று பாதுகாப்பான நாள்' என்று நிறம் காட்டினால் நம்பாதீர்கள். பல செயலிகள் போன மாதங்களின் சராசரியைத்தான் காட்டுகின்றன. இந்த மாதம் உங்களுக்கு டைபாய்டு வந்ததோ, வீட்டில் துக்கம் நடந்ததோ அதற்குத் தெரியாது.

4. முதல் சுழற்சி எழுதுவதற்கு மட்டும்

முதல் சுழற்சி முழுவதும் உறவைத் தவிர்த்து, குறிப்பு மட்டும் எடுங்கள். கடுமையாகத் தோன்றும். ஆனால் உறவுக்குப் பின் வெளியேறும் திரவம் அடுத்த நாள் வரை ஈரமாக இருப்பதால், புதிதாகப் பார்ப்பவருக்குக் கருப்பை வாய்ச் சளி எது, அது எது என்று பிரித்தறிய முடியாது. ஒரு மாதம் பொறுத்தால் கண்ணும் உணர்வும் பழகிவிடும். இறைவேண்டலுக்காக இருவரும் உடன்பட்டுச் சிறிது காலம் விலகியிருக்கலாம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை (1 கொரி 7:5) நினைவில் கொள்ளுங்கள். அங்கே 'உடன்பட்டு' என்ற சொல்தான் முக்கியம். ஒருவர் தீர்மானித்து மற்றவர் சகித்துக்கொள்வது அல்ல.

ரத்தப்போக்கு முழுமையாகத் தொடங்கிய நாளே முதல் நாள். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பாட்டி காலத்திலிருந்து தலைக்குக் குளித்த நாளை வைத்தே நாள் சொல்லிப் பழகிவிட்டோம். "குளித்துப் பத்து நாள் ஆச்சு அக்கா" என்பாள். அப்படியானால் அது பதின்மூன்றாம் நாளாகவும் இருக்கலாம், பதினான்காம் நாளாகவும் இருக்கலாம். கருவளம், அதாவது கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம், மொத்தமே ஏறக்குறைய ஆறு நாள் என்னும்போது இந்த மூன்று நாள் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எங்களுடைய இரண்டாவது குழந்தை, எங்கள் மகள், பிறந்தது இந்தக் கணக்கில்தான். அவளை ஆண்டவர் தந்த கொடையாகவே கொண்டாடுகிறோம், இருந்தாலும் பெரியவனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, என் ஹீமோகுளோபின் எட்டில் இருந்தது. அந்த ஆண்டு நான் பட்ட பாட்டை இன்னொரு பெண் படக் கூடாது என்றுதான் இந்த வரியை இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன்.

முதல் நாளுக்கு முன் லேசாகக் கறை பட்டால் அது போன சுழற்சியைச் சேர்ந்தது.

கருத்தடை மாத்திரையை இப்போதுதான் நிறுத்தியவர்கள், நிறுத்தியதும் வரும் ரத்தப்போக்கை முதல் சுழற்சியாக வைக்காதீர்கள். அது மாத்திரை நின்றதால் வருவது. கருமுட்டை உடனே வெளிவரவும் கூடும், பல வாரம் தாமதிக்கவும் கூடும்.

5. ஈரத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் முறையின் உயிர். கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி, கருப்பை வாயிலிருந்து ஒரு சளி சுரக்கிறது. விந்தணு அந்தச் சளியில்தான் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். ஆகவே கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களை அறிவிப்பது இந்தச் சளியே.

நாள் முழுவதும், நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் அந்த இடத்தில் என்ன உணர்வு என்று கவனியுங்கள். உலர்வா, ஈரமா, வழுக்கலா? கழிவறைக்குப் போகும்போது சுத்தமான வெள்ளைத் துணியாலோ காகிதத்தாலோ துடைத்துப் பாருங்கள். உள்ளே விரல் விட்டுப் பார்க்கத் தேவையில்லை. உட்புறம் எப்போதும் ஈரம்தான், அது உங்களைக் குழப்பும்.

தொடக்கத்தில் வருவது கெட்டியாக, வெள்ளையாக, பசை போல ஒட்டும். பிறகு மெலிந்து தெளிந்து, முட்டை வெள்ளைக்கரு போல, வெண்டைக்காய் நறுக்கிய விரலை விரித்தால் நூல் இழுக்குமே அதுபோல இழுபடும். சிலருக்குக் கண்ணுக்குத் தெரிவது குறைவாக இருக்கும், விளக்கெண்ணெய் பட்டது போன்ற வழுக்கல் உணர்வு மட்டும் இருக்கும். அதுவும் போதுமான அடையாளம்தான்.

நம் பெண்கள் இதைப் பார்த்ததும் "வெள்ளைப்படுது, உடம்பு சூடு, எலும்பு உருகுது" என்று பயந்துவிடுகிறார்கள். மாதத்தில் சில நாள் மட்டும் வந்து, தெளிவாக, நாற்றமும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அது நோயல்ல. உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மஞ்சளாகவோ பச்சையாகவோ, தயிர் திரிந்தது போலவோ வந்தாலும், நாற்றமோ அரிப்போ எரிச்சலோ இருந்தாலும் அது தொற்று. மருத்துவரிடம் காட்டிக் குணமான பிறகு எழுதத் தொடங்குங்கள்.

"படிக்காத நான் இதைக் கண்டுபிடிப்பேனா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1970-களில் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் இந்த முறையை ஆராய்ந்தது. பெங்களூரும் ஒரு மையம். பங்கெடுத்த பெண்களில் 93 விழுக்காட்டினர், கற்றுக்கொண்ட முதல் சுழற்சியிலேயே இந்தச் சளியின் போக்கை அடையாளம் கண்டார்கள். உங்களாலும் முடியும்.

தூங்கும் முன் அந்த நாளில் கண்டவற்றில் அதிகக் கருவளம் காட்டிய அடையாளத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள். காலையில் உலர்வு, மாலையில் வழுக்கல் என்றால் நோட்டில் 'வழுக்கல்'தான். மனைவி சொல்ல, கணவர் எழுதட்டும். கணவர் எழுதும் வீடுகளில் நோட்டு பாதியில் நின்றுபோவதில்லை, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவர் வெளியூரில் இருந்தால் இரவு தொலைபேசியில் கேட்டு எழுதலாம்.

6. காலை வெப்பநிலை

சளி, கருவளம் தொடங்குவதைச் சொல்கிறது. வெப்பநிலை, அது முடிந்துவிட்டதை உறுதி செய்கிறது. இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்பார்கள். தொடக்கக்காரர்களுக்குப் போதாது.

குறைந்தது 3 மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு, கட்டிலை விட்டு இறங்கும் முன், பேசும் முன், தண்ணீர் குடிக்கும் முன் நாக்குக்கு அடியில் வையுங்கள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரம். பால்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டுத் திரும்பப் படுத்து எடுத்தால் அந்த எண் பயன்படாது. காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, இரவுப் பணி என்றால் எண்ணை எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். கணக்கில் சேர்க்காதீர்கள்.

கருமுட்டை வெளிவந்த பின் புரோஜெஸ்டிரான் ஹார்மோனால் உடல் வெப்பம் சற்று ஏறி, அடுத்த மாதவிலக்கு வரை அப்படியே நிற்கும். விதி இதுதான். முந்தைய 6 நாட்களின் எண்களைவிட அடுத்தடுத்து 3 நாள் அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாவது நாளின் எண், அந்த 6 நாட்களில் மிக உயர்ந்ததைவிட 0.2 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 0.4 டிகிரி ஃபாரன்ஹீட், கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு நோட்டில் 97.0, 97.2, 97.1, 97.3, 97.1, 97.2 என்று இருக்கிறது. உயர்ந்தது 97.3. அடுத்த மூன்று நாள் 97.6, 97.7, 97.8 என்று வந்தால் ஏற்றம் உறுதி. மூன்றாம் நாள் 97.5 என்றால் நான்காம் நாளுக்காகக் காத்திருங்கள்.

7. உச்ச நாளைக் குறிப்பது

வழுக்கல் உணர்வோ, தெளிந்து இழுபடும் சளியோ கடைசியாக இருந்த நாளே உச்ச நாள். அது மிக அதிகமாக இருந்த நாள் அல்ல, கடைசியாக இருந்த நாள். புதியவர்கள் இதில் தவறாமல் பிழை செய்கிறார்கள்.

இன்று உச்ச நாளா என்பது இன்று தெரியாது. நாளை உலர்ந்துவிட்டால்தான் 'நேற்று உச்சம்' என்று குறிக்க முடியும். இரண்டு நாள் உலர்ந்து மறுபடி வழுக்கினால் பழைய குறியை அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள். மன உளைச்சலிலோ காய்ச்சலிலோ கருமுட்டை தாமதித்தால் இப்படி நடக்கும்.

8. தள்ளிப்போட விரும்புகிறவர்களுக்கு

உச்ச நாளுக்குப் பின் முழுதாக 3 நாள் கழிய வேண்டும். வெப்பநிலை ஏற்றத்தின் 3 நாளும் முடிந்திருக்க வேண்டும். இரண்டில் எது பிந்தி முடிகிறதோ அதற்கு அடுத்த நாளிலிருந்து மாதவிலக்கு வரும்வரை கருவுறாத நாட்கள். முதல் மூன்று சுழற்சிகளுக்கு இந்த நாட்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

மாதவிலக்கு முடிந்த பின் வரும் உலர்ந்த நாட்களைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் இரவில் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும். பகல் முழுவதும் கவனித்தால்தான் அன்று உலர்வு என்று சொல்ல முடியும், அதனால் இரவு. உறவுக்கு மறுநாள் ஈரம் அடையாளத்தை மறைக்கும், அதனால் ஒரு நாள் இடைவெளி. சளியின் முதல் அறிகுறி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் கரு தங்காது என்ற நம்பிக்கை தவறு. சுழற்சி குறுகியவர்களுக்கு ஒன்பதாம் பத்தாம் நாளிலேயே கருமுட்டை வரலாம். ஐந்தாம் நாள் சேர்ந்தாலும் விந்தணு அதுவரை காத்திருக்கும். ரத்தப்போக்கு சளியை மறைத்துவிடுவதால் உங்களால் முன்கூட்டி அறியவும் முடியாது.

இந்த முறை எவ்வளவு நம்பகமானது? ஜெர்மனியில் 900 பெண்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், சளியையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து விதியை முழுமையாகக் கடைப்பிடித்தவர்களில் ஓராண்டில் 100-க்கு 0.4 பேர்தான் எதிர்பாராமல் கருவுற்றார்கள். விதியை மீறியவர்களையும் சேர்த்தால் 100-க்கு 1.8. அவர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இயற்கை முறைகள் அனைத்தையும், எல்லா வகைப் பயனாளிகளையும் சேர்த்துப் பார்க்கும் கணிப்புகள் ஆண்டுக்கு 100-க்கு 2 முதல் 23 வரை என்கின்றன. எவ்வளவு சரியாகக் கற்றீர்கள், விதியை எவ்வளவு பிடித்துக்கொண்டீர்கள் என்பதே இந்த இடைவெளி.

கருவள நாட்களில் ஆணுறை பயன்படுத்தலாமா என்று சி.எஸ்.ஐ. தம்பதியர் கேட்பதுண்டு. திருச்சபை வேறுபாட்டை விட்டுவிட்டுச் செயல்முறையை மட்டும் சொல்கிறேன். மாதத்திலேயே வாய்ப்பு அதிகமுள்ள நாட்களில் உறை கிழிந்தாலோ நழுவினாலோ காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. அந்த நாட்களில் உங்கள் பாதுகாப்பு உறையின் பாதுகாப்பு அளவுதான், நோட்டின் அளவு அல்ல.

வளைகுடாவில் வேலை செய்யும் கணவர் நாற்பது நாள் விடுப்பில் வரும்போதுதான் நோட்டு அதிகம் சோதிக்கப்படுகிறது. மனைவி அவர் இல்லாத மாதங்களிலும் விடாமல் எழுதி வந்திருந்தால் தன் உடலின் போக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும். விமானம் இறங்கிய அன்று எழுதத் தொடங்கினால் எதுவும் கைகொடுக்காது.

9. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு

வழுக்கல் தொடங்கியதிலிருந்து வெப்பநிலை ஏறும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சேருங்கள். உச்ச நாளும் அதற்கு முந்தைய இரண்டு நாளும் மிக முக்கியம். வெப்பநிலை ஏறட்டும் என்று காத்திருப்பது தவறு. ஏறியது தெரியும்போது கருமுட்டையின் காலம் முடிந்திருக்கும்.

தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்க முயல்வதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை எடுக்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்து மாத்திரை வாங்கும்போது பாதிக் காலம் போய்விடும். கடைகளில் பரவலாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. அது சர்க்கரை நோய் உள்ளவர்கள், முந்தைய குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்தவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எழுதித் தருவது. எது உங்களுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

சரியான நாட்களில் சேர்ந்தும் ஓராண்டு ஆகிவிட்டால், மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் மருத்துவரைப் பாருங்கள். இருவரும் என்றால் இருவரும்தான். மனைவி மூன்று ஸ்கேன் எடுத்து, கருக்குழாய் பரிசோதனையும் செய்து முடித்திருப்பாள். கணவர் ஒரு விந்துப் பரிசோதனைக்குப் போயிருக்க மாட்டார். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுங்கள், மாதாவிடம் அழுது கேளுங்கள், அதோடு அந்தப் பரிசோதனையையும் செய்யுங்கள். விந்து சேகரிக்கும் முறை பற்றி மனச்சங்கடம் உள்ள கத்தோலிக்கத் தம்பதியர், உறவின்போதே துளையிட்ட உறையில் சேகரிக்கும் வழி உண்டு என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்கலாம்.

10. நாள் தள்ளிப்போனால்

வெப்பநிலை இறங்காமல் 18 நாளுக்கு மேல் உயர்ந்தே நின்றால் பெரும்பாலும் கர்ப்பம்தான். சிறுநீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். பிறகு தாமதிக்காமல் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார மையத்திலோ பதிவு செய்து பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்குங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்திருப்பது முக்கியம்.

உங்கள் நோட்டை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பிரசவத் தேதியைக் கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்று கணக்கிடுவார்கள். அது 28 நாள் சுழற்சிக்குப் பொருந்தும். உங்கள் சுழற்சி 38 நாள் என்றால் அந்தத் தேதி பத்து நாள் முந்திவிடும், "தேதி தாண்டிவிட்டது" என்று வலி வரவைக்கும் ஊசிக்கு அவசரப்படும் நிலையும் வரலாம். உச்ச நாளிலிருந்து 266 நாள் எண்ணிச் சொல்லுங்கள். முதல் மூன்று மாத ஸ்கேனோடு அது ஒத்துப்போகிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். இதைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்று மற்றொன்றை உடலில் சேரவிடாது. காபி, டீ குடித்த கையோடும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உதவும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை.

75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையை முதல் வருகையிலும், மறுபடி 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் செய்யச் சொல்வார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. முதல் முறை சரியாக இருந்தது என்று இரண்டாவதைத் தவிர்க்காதீர்கள்.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க வேண்டுமா? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நோன்புக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். பெரிய வெள்ளியன்று பட்டினி கிடந்து மயங்கி விழுந்த ஏழு மாதக் கர்ப்பிணியைக் கோயில் திண்ணையில் தாங்கிப் பிடித்திருக்கிறேன். வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போடும் நோன்பைத் திருச்சபை கேட்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போவதையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

ரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடுமையான தலைவலி, முகம் கை வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடம் உடைதல், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் உடனே 108. தொடக்க வாரங்களில் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியும் கறையும் இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். "இது கருக்கலைப்பாகிவிடுமோ" என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். பாதிக்கப்பட்ட குழாயை அகற்றித் தாயைக் காப்பாற்றும் சிகிச்சை திருச்சபையின் போதனைக்கு எதிரானதல்ல.

11. பிரசவத்துக்குப் பின்

"பால் கொடுக்கிறேன், இன்னும் தலைக்குக் குளிக்கவில்லை, அதனால் பயமில்லை" என்று இருந்து மறுபடி கருவுற்று வருபவர்கள் ஏராளம். தாய்ப்பால் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது உண்மை. ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும், புட்டிப்பாலும் சேர்த்துத்தான், கொடுத்திருக்கக் கூடாது, பகலில் 4 மணி நேரத்துக்கும் இரவில் 6 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளியும் விட்டிருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அன்றைக்கே அந்தப் பாதுகாப்பு முடிந்தது.

பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வரும் முன்பே கருமுட்டை வந்துவிடலாம். மாதவிலக்கு வரட்டும், நோட்டை எடுக்கலாம் என்று காத்திருந்தால் முதல் கருவளத்தைத் தவறவிடக்கூடும். ஆகவே பிரசவ உதிரம் நின்றதும் எழுதத் தொடங்குங்கள். வாரக்கணக்கில் 'உலர்வு, உலர்வு' என்றே இருக்கும். என்றைக்கு அது மாறுகிறதோ, அந்த ஈரம் பழையபடி உலர்ந்து 3 நாள் கழியும்வரை விலகியிருங்கள். இரவில் குழந்தைக்காக எழுந்துகொண்டே இருப்பதால் வெப்பநிலை இந்த மாதங்களில் சரியாக வராது. சளியை மட்டும் பாருங்கள், முடிந்தால் பயிற்றுநரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டைக் காட்டுங்கள்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுவைப் பிரசவம் என்றால் எவ்வளவு காலம் என்பதை வீட்டுக்கு அனுப்பும் அன்றே மருத்துவரிடம் கேட்டு, புது நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதிவிடுங்கள். பேனாவையும் கட்டிவிடுங்கள்.